சக்கரம் நுழையாத மூலை

பழைய வாள் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் துணியைத் தேடாதீர்கள், நாற்காலியைத் தேடுங்கள். உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். அதற்குள் தேநீர் ஆறிப்போனால் ஆறட்டும். போன வாரம் பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது உங்களில் இரண்டு பேர் சிரித்ததை நான் கவனித்தேன். ஹைதராபாத் மாதாப்பூரில் கணினி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பெண், "அரை மணி நேரம் அதுல என்னதான் பாக்கறது அங்கிள்?" என்று கேட்டே விட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். பேசினால் நான் கிளை கிளையாகப் போய்விடுவேன் என்று எல்லாருக்கும் பயம். எழுதினால் கொஞ்சம் கட்டுப்படுவேன் என்று நானும் நம்புகிறேன்.

நான் இந்தத் தொழிலைப் பள்ளியில் படித்தவன் இல்லை. என் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கமிருந்து பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்தவர். நான்கு தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம், ஆனாலும் வீட்டில் இன்னும் "இன்னா" தான். பத்தாவதோடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் பொருள்களைத் தொட்டும், ஆள்கள் பேசுவதைக் கேட்டும் கற்றது. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். அருங்காட்சியகத்திலிருந்து ஒருமுறை என் பட்டறைக்கு வந்த ஒரு அம்மா, "வாள்ல கூரான பாகத்தைவிட அழகான பாகம்தான் சீக்கிரம் சாகுது மாணிக்கம்" என்றார். அந்த நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வாளைக் கையில் எடுத்தால் தெரிந்துகொள்வீர்கள். விக்டோரியா ராணி காலத்து வாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைக் காக்கும் பித்தளைக் கூண்டுக்குக் கைக்காப்பு என்று பெயர். அதில் சன்னல் கம்பி மாதிரி வளைவுகள், நடுவே ராணியின் பெயரெழுத்து, மேலே தங்க முலாம். பிடியில் திருக்கை மீனின் தோல், அதன்மேல் பொன்னிறக் கம்பி சுற்று. பிறகு அலகு. அதில் அமிலத்தால் அரித்து இலையும் கொடியும் கிரீடமும் வரைந்திருப்பார்கள். எச்சிங் என்போம். கத்தியால் வெட்டிய சித்திரம் அல்ல அது, இரும்பின் மேல்தோலில் ஏற்றிய ஒரு மங்கல், அவ்வளவுதான். தலைமுடியைவிட மெல்லிய ஆழம். நூற்றைம்பது வருஷம் போர், மழை, ஹைதராபாத் வெயில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும். ஒரு முட்டாளின் ஒரு மணி நேரத்தைத் தாங்காது.

அந்த முட்டாள் நான்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. சனத்நகர் தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் இருந்தேன். ஸ்கூட்டர் பம்பர், ஆஸ்பத்திரித் தட்டு, சைக்கிள் ஹேண்டில்பார், நாற்காலிக் கால், எது வந்தாலும் தேய்த்து நிக்கலும் குரோமும் ஏற்றி அனுப்புவோம். மேஸ்திரியை எல்லாரும் உஸ்தாத் என்போம். பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அவருக்கு அது பிடிக்காது. தக்கனி உருது பேசுகிற மனுஷர், எனக்காக அதில் பாதியைத் தமிழாக்கிக்கொள்வார். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' மட்டும் மாறாது.

ஒரு நாள் செகந்திராபாத்தின் பழைய கிளப் ஒன்றிலிருந்து படுக்கை விரிப்பில் சுற்றி ஒரு வாள் வந்தது. கைப்பிடி நன்றாக இருந்தது, அலகு முழுக்கத் துரு. மூன்றாம் நாள் கிளப்பில் நிறுவன நாள் விழா, அதற்குள் அலகு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று கொண்டுவந்த ஆள் சொன்னான். உஸ்தாத் பீதரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாளை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதை நக்கோ தொடு மியா. நான் வந்து பாக்கறேன்."

அவர் போனதும் கிளப்பிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து அவசரப்படுத்தினான். அவர் இல்லாமலேயே முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஆசை. தேய்த்து மெருகேற்றும் பஃப் சக்கரத்தைப் போட்டேன்.

துரு போனதும் அடியில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் தெரிந்தன. முலாம் பட்டறைக்காரன் கண்ணுக்கு இரும்பில் இருக்கிற பள்ளமெல்லாம் ஒரே ஜாதி: துரு தின்ற பள்ளம். அதை எடுக்காமல் முலாம் போட்டால் மேலே அம்மைத் தழும்பு மாதிரி தெரியும், கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் கேலி செய்வார்கள். நகைத் தொழிலாளியோ கல்வெட்டுப் படிக்கிறவரோ இந்தத் தப்பைச் செய்யமாட்டார். எங்களால்தான் முடியும். அதனால் அழுத்தித் தேய்த்தேன். ஒரு திட்டு இலை மாதிரி இருந்தது. இன்னொன்று கிரீடம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், தோன்றியது. தோன்றிய பிறகும் கையை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அலகில் என் மூக்கு தெரிந்தது. நிக்கல் ஏற்றி, மேலே குரோம் ஏற்றித் தொங்கவிட்டேன்.

உஸ்தாத் திரும்பி வந்து அதைப் பார்த்தார். கத்தவில்லை. கட்டைவிரலால் அலகை மெதுவாகத் தடவினார்.

"முகத்துல இருக்கற அழுக்கைத் தொடைக்கச் சொன்னா, முகத்தையே தொடைச்சிட்டியே மியா."

பிறகு கைக்காப்பும் அலகும் சேர்கிற மூலையில் நகத்தை வைத்து ஒருமுறை சுரண்டினார். சக்கரம் வட்டம், அகலம். கைக்காப்பு குறுக்கே நிற்பதால் அந்த மூலைக்குள் அது நுழையாது. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எமரித் துணியைக் கிழித்துக் கையால்தான் தேய்க்க வேண்டும். பசியில் விட்டிருப்பேன். தேய்க்காமலே முலாம் போட்டிருந்தேன், மற்ற இடத்தின் பளபளப்பில் யாருக்கும் அது தெரியாது. உஸ்தாத்துக்குத் தெரிந்தது.

"மூலையையும் உட்டுட்டே. ஒழுங்கா அழிக்கக்கூடத் தெரியலை உனக்கு."

கிளப் ஆள் வந்தபோது, சித்திரம் போய்விட்டது, எங்கள் தப்பு என்று உஸ்தாதே சொன்னார். அந்த ஆள் அலகில் தன் தலையைச் சீவிப் பார்த்துக்கொண்டு, இந்த மினுமினுப்புத்தானே வேண்டும் என்று சந்தோஷமாக எடுத்துப் போனான்.

அதன் பிறகுதான் நான் வாள் படிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகங்கள், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் மணிக்கணக்காக நிற்பது, ஆட்களை நச்சரிப்பது. மெல்ல மெல்ல ஹப்சிகுடாவில் ஒரு டிபன் கடை மாடியில் சொந்தப் பட்டறை வந்தது. வெள்ளைக்கார வாள், நிஜாம் காலத்துக் குத்துவாள், பழைய குடும்பங்களின் பரம்பரைப் பொருள் எல்லாம் வந்தன. சக்கரமே தொடாத மாணிக்கம் என்று பெயர். ஏன் தொடுவதில்லை என்று யாராவது கேட்டால், அது என் கொள்கை என்பேன். கேட்க அழகாக இருக்கும். அந்தக் கிளப் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அந்தத் தெருப் பக்கம் போகாமலே ஊரைச் சுற்றினேன்.

பட்டறையை மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. பேசியது அந்தக் கிளப்பின் செயலாளர். பெரிய பொதுத்துறை ஆலையில் உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர், கணக்காகப் பேசுகிறவர். தங்கள் கிளப்பின் வாளைப் படம் எடுத்து லண்டனில் ஒரு நிபுணருக்கு அனுப்பினார்களாம். கைப்பிடி அசல், அலகு அணிவகுப்பில் மின்னுவதற்காகச் சமீபத்தில் செய்த புது அலகு, அசல் அலகை யாரோ கழற்றிக்கொண்டு வேறு மாட்டியிருக்கிறார்கள் என்று பதில் வந்திருக்கிறது. கிளப்பின் பழைய பதிவேட்டில் அந்த அலகில் சித்திர வேலை உண்டு என்று எழுதியிருக்கிறது. பதினாறு வருஷமாக அந்தக் கண்ணாடிப் பெட்டியின் சாவி ஒரே ஆளிடம்தான். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடுகிறது. நான் வாளைப் பார்த்து, அலகு புதியது என்று எழுதிக் கொடுத்தால் போலீஸில் புகார் கொடுத்துவிடலாம்.

"யார்கிட்ட சாவி?" என்று கேட்டேன்.

"தங்கவேலு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, உங்க ஊர்ப் பக்கம்தான்."

தெரியும். குடியாத்தத்துக்காரர், ஓய்வு பெற்ற ஹவில்தார், கிளப்பின் காப்பாளர். வருஷம் ஒருமுறை பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் பார்த்துப் பேசிக்கொள்வோம். நிறுவன நாளன்று அந்த வாளை வெல்வெட் மெத்தையில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை என்று ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சொல்வார். ஒவ்வொரு வருஷமும் நான் பேச்சை மாற்றுவேன்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். வாசலில் தங்கவேலு நின்றிருந்தார். இடுப்பு பெல்ட்டில் சாவி தொங்கும் கொக்கி காலியாக இருந்தது. பேசும்போதெல்லாம் அவர் கை அங்கே போய்ப் போய்த் திரும்பியது.

"வேல போனா போவுதுண்ணா," என்றார். "திருடன்னு பேர் வச்சி அனுப்பறாங்க பாரு, அத்தான் தாங்க முடில."

வாளைப் பில்லியர்ட்ஸ் மேசையில் வைத்திருந்தார்கள். நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். கைக்காப்புக்கு அடியில், முலாம் தொட்டியில் தொங்கவிட நான் செம்புக் கம்பி கட்டிய இடத்தில், ஒரு சிறு தழும்பு. நான் இடது கைக்காரன், என் முறுக்கின் சாய்வு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம். தழும்பும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. சந்தேகமே இல்லை, என் கை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன மாணிக்கம், பாத்துட்டே இருக்கீங்க? புது அலகுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம். என்னை நம்பித் தாத்தா வாளைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், அவன் ஒரு விக்டோரியா அலகை ஸ்கூட்டர் பம்பர் மாதிரி தேய்த்தவன் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? நம் தொழிலில் பெயர் ஒன்றுதான் முதல். இத்தனை வருஷத்தில் சேர்த்தது முழுவதும் ஒரே வாக்கியத்தில் போய்விடும்.

மதியம் சாப்பாட்டில் கை வைத்தபடியே இருந்தேன். என் மனைவி சரோஜா பார்த்துவிட்டாள்.

"இன்னா, ரசத்தையே பாத்துனு கீற?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடமும் சொல்லாததைச் சொன்னேன். முடிந்ததும் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள்.

"அப்போ அந்த மனுஷன் இடுப்புல இருந்த சாவிய நீதான் புடுங்கின."

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லு. ஆனா சாப்ட்டுப் போ. வெறும் வயித்துல ஒத்துக்கினா மயக்கம் போட்டுடுவ, அப்பறம் பொய்யின்னு நெனப்பாங்க."

சனிக்கிழமை இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டுவிட்டுப் போனேன். பில்லியர்ட்ஸ் அறையிலேயே ஒரு நீள மேசையைச் சுற்றிச் செயலாளரோடு ஐந்து பேர். எனக்கு நாற்காலி போட்டார்கள். தங்கவேலு கதவுப் பக்கம் சுவரோரமாக, அணிவகுப்பில் நிற்பது போல நின்றார். நான் எழுந்து நின்றே சொன்னேன். சனத்நகர், படுக்கை விரிப்பு, பஃப் சக்கரம், கிரீடம் மாதிரி தோன்றியது, கையை எடுக்காதது, எல்லாம். தழும்பின் சாய்வையும் காட்டினேன். அலகு அசல்தான், அதன் முகத்தை அழித்தவன் நான், தங்கவேலு அல்ல என்று முடித்தேன்.

மன்னிப்பார்களோ திட்டுவார்களோ என்றுதான் நான் யோசித்து வைத்திருந்தேன். மூன்றாவது ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. அவர்கள் நம்பவில்லை.

செயலாளர் கோபப்படாமல் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்களும் அவரும் ஒரே ஜில்லா. வருஷா வருஷம் கோயில்ல பாத்துக்கறவங்க. அவரைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்கன்னு நாலு பேர் சொன்னா, நான் இல்லைன்னு எப்படிச் சொல்றது? நேத்தே ஏன் சொல்லலை நீங்க?"

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். நேற்று நான் விழுங்கிய ஒரு நாள் இன்றைக்கு என் வார்த்தையின் காலை வாரிவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தப்பை ஒப்புக்கொள்வதில் ஒரு நாள் தாமதம்கூடச் சாட்சியைக் கெடுக்கும்.

குழுவில் ஒருவர், அலகு முழுவதையும் தொட்டியில் போட்டு முலாமைக் கழற்றிவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே, இன்றைக்கே சனத்நகருக்கு அனுப்பலாம் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. அலகில் பெரும்பகுதி நான் மொட்டையாக்கிய இரும்பு. அதில் பார்க்க ஒன்றும் கிடையாது. பார்க்க ஏதாவது மிச்சமிருந்தால் அது ஒரே ஓர் இடத்தில்தான், சக்கரம் நுழையாத அந்த மூலையில். தெரியாதவன் தொட்டியில் போட்டு ஐந்து நிமிஷம் அதிகமாக விட்டால் அதுவும் கரைந்து போகும். அவசரத்தில் ஒருமுறை அழித்த வாளை அவசரத்தில் இன்னொருமுறை அழிப்பதா?

"தொட்டி வேண்டாம்," என்றேன். "மூலையில ஒரு நகம் அகலம் மட்டும் நான் திறக்கறேன். இங்கேயே, உங்க கண் முன்னால. அங்கே ஒண்ணும் இல்லைன்னா, புது அலகுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

சொன்ன பிறகுதான் நான் யாருடைய தலையைப் பணயம் வைத்தேன் என்பது உறைத்தது. கதவுப் பக்கம் திரும்பினேன்.

"தங்கவேலு, மூலையில ஒண்ணும் இல்லன்னா உனக்குத்தான் கஷ்டம். செய்யட்டுமா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அந்த மூலைய நீ தேச்சியா, உட்டியா?"

"உட்டுட்டேன்னு உஸ்தாத் திட்டினாரு."

"ஒனக்கு ஞாபகம் கீதா?"

"தேய்க்காதது ஞாபகம் இல்ல. திட்டு ஞாபகம் இருக்கு."

பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் ஒரு நொடிதான் யோசித்தார். "திட்டு வாங்கினது மறக்காதுண்ணா. செய்."

இன்னொன்றும் செய்தேன், அதை மட்டும் நான் பெருமையாகவே சொல்வேன். இந்த மாதிரி வாள்களில் அலகின் முதுகில், கைக்காப்புக்கு அருகே, செய்தவர்கள் ஒரு வரிசை எண் அடித்திருப்பார்கள். பதிவேட்டில் எண் எழுதியிருக்கிறதா என்று செயலாளரைக் கேட்டேன். இருக்கிறது என்று அதை என் பக்கம் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குக் காட்டாதீர்கள், மூடி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அலகில் எண் கிடைத்தால் முதலில் படிக்கப்போவதும் நீங்கள்தான் என்றேன். பிறகு நானே கீறிவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அப்போதுதான் முதல்முறையாகச் செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொறியாளர் அல்லவா, சோதனை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பதிவேட்டை எடுத்துத் தன் கோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எப்படித் திறந்தேன் என்பதை உங்கள் கையேடுகள் என்னைவிட நன்றாகச் சொல்லும். பஞ்சு, குச்சி, பையில் கொண்டுபோயிருந்த கரைசல் புட்டிகள், பொறுமை. ஒன்றரை மணி நேரம் ஆனது. குரோமின் நீலப் பளபளப்பு போனது. நிக்கலின் மஞ்சள் வந்து, அதுவும் போனது. சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. பெரியவர்கள் ஐந்து பேரும் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

அங்கே ஒன்றும் இல்லை.

எண் இல்லை, கோடு இல்லை. ஒரு கறுப்புத் திட்டு மட்டும். யாரோ பெருமூச்சு விட்டார்கள். என் கையில் இருந்த குச்சி தானாக அந்தத் திட்டை நோக்கிப் போனது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் திட்டு போய்விடும், அடியில் இருப்பது தெரியும் என்று கை சொல்கிறது. இருபது வயதில் சொன்ன அதே கைதான். அப்போதும் கறுப்புத் திட்டு, அப்போதும் அவசரம், அப்போதும் யாரோ காத்திருந்தார்கள்.

கையை எடுத்தேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். செயலாளர் என்னவென்று கேட்டார். கொஞ்சம் பார்க்க வேண்டும் என்றேன். ஐந்து நிமிஷம் பார்த்தேன். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு ஒரு பஞ்சாங்கம் நீளம் இருந்தது. பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. துரு தின்ற இரும்புக்கு ஓரம் கந்தலாக இருக்கும். இந்தத் திட்டின் ஒரு ஓரம் நேராக இருந்தது. துருவுக்கு நேர்கோடு போடத் தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும்.

மேலே எரிந்த விளக்குகளை அணைக்கச் சொன்னேன். தங்கவேலுவைக் கூப்பிட்டு, என் பையிலிருந்த டார்ச்சைக் கொடுத்தேன்.

"தாழப் புடி. அலகை ஒட்டி. பக்கத்துலருந்து."

அவர் குனிந்து பிடித்தார். டார்ச் கொஞ்சமும் அசையவில்லை. சாய்ந்த வெளிச்சம் அந்தத் திட்டின் மேல் படுத்துக்கொண்டு ஊர்ந்தது. திட்டுக்குள் நிழல் விழுந்தது. நிழலுக்கு வடிவம் வந்தது. நான் என் பூதக்கண்ணாடியைச் செயலாளரிடம் நீட்டிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாலு," என்றார். பிறகு, "ஏழு. அதுக்கு முன்னால இருக்கறது தெரியலை, தேஞ்சு போயிருக்கு."

"அது நான் தேச்சது," என்றேன்.

அவர் கோட்டுக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்தார். விரலால் வரியைத் தேடினார். பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார், அவர் அடுத்தவரிடம். ஐந்து இலக்க எண், கடைசி இரண்டு நாற்பத்தேழு. டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரிந்தது. முதுகிலிருந்து அலகின் முகத்துக்கு இறங்குகிற இடத்தில் கடுகளவுக்கு ஒரு சுருள். ஒரு கொடியின் கடைசி நுனி. லண்டனிலோ எங்கோ ஒருவன் நூற்றைம்பது வருஷம் முன்னால் தூரிகையை எடுத்த இடம்.

செயலாளர் அந்த நீள மேசையின் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கவேலுவின் கையில் வைத்தார். பிறகு தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க தங்கவேலு."

"நின்னே பழக்கம் சார்."

"இன்னிக்கு உக்காருங்க."

தங்கவேலு சாவியைக் கொக்கியில் மாட்டினார், ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார், உட்கார்ந்தார். தேநீர் வந்தது. கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழுந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. அவசரமே இல்லாமல் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சோம்பேறிண்ணா நீ," என்றார். அவ்வளவு மரியாதையோடு யாரும் என்னை அப்படிச் சொன்னது கிடையாது.

உஸ்தாத் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஒழுங்காக அழிக்கத் தெரியாததால்தானே அன்றைக்கு ஜெயித்தேன். அதற்குப் பிறகு என் பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எவ்வளவு நிச்சயமாக இருந்தாலும் ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள். விட்டதை எழுதி வையுங்கள். நமக்குத் தெரியாதது என்னவென்று நமக்கே தெரியாது. அது அந்த மூலையில் உட்கார்ந்திருக்கும்.

என் பெயர் என்ன ஆயிற்று என்று கவலைப்படுகிறவர்களுக்கு: ஒன்றும் ஆகவில்லை. செய்தி பரவி, அடுத்த மாதமே வெளியூர் அருங்காட்சியகம் ஒன்று இரண்டு வாள்களை அனுப்பியது. கூடவே ஒரு கடிதம், தப்பை ஒத்துக்கொள்ளுகிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று. சரோஜா அதை வாங்கிப் படித்துவிட்டு, "முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் பெரிய கடையா புடிச்சிருக்கலாம்" என்றாள்.

மீதி முலாமையும் எடுத்துவிடலாமா என்று கிளப்பில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அந்த வாளுக்கு நடந்தது நடந்ததுதான், பாதி கண்ணாடியும் ஒரு நகம் அசலுமாக அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பெட்டியில் இருக்கும் அட்டையில் நடந்ததை எழுதுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்றேன். செயலாளர் தயங்கினார், தங்கவேலு விடவில்லை. எழுதிவிட்டார்கள். நான் சரி செய்த நூற்றுக்கணக்கான பொருள்களில் ஒன்றின் பக்கத்திலும் என் பெயர் கிடையாது. நான் கெடுத்த ஒன்றின் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வருஷ நிறுவன நாளுக்கு என்னையும் சரோஜாவையும் அழைத்திருந்தார்கள், அவள் பட்டுப்புடவையில் வந்தாள். தங்கவேலு வெல்வெட் மெத்தையில் வாளைச் சுமந்து கூடத்துக்குள் நுழைந்தபோது, வழக்கத்தில் இல்லாதபடி, உறுப்பினர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். வாளுக்காகவா ஆளுக்காகவா என்று கேட்காதீர்கள். முதலில் எழுந்தது செயலாளர், அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாளை அல்ல.

விழா முடிந்து வாள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு யாரோ விருந்தாளிகள் அதைப் பார்க்க வந்தார்கள். நான் தள்ளி நின்று கேட்டேன். தங்கவேலு அவர்களுக்கு ராணியின் எழுத்தைக் காட்டவில்லை, திருக்கைத் தோல் பிடியைக் காட்டவில்லை, என் மூக்கு தெரிந்த அந்தப் பளபளப்பையும் காட்டவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். டார்ச்சைத் தாழ்வாக, அலகை ஒட்டிப் பிடித்தார்.

"இங்க பாருங்க," என்றார். "இது எங்க அண்ணன் தேய்க்காம உட்ட எடம்."